அயலார் பிள்ளைகளைக் காத்த கைதிகள்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி நடந்த காலத்தில் அவனுடைய சிறைமுகாம்களில் அடைபட்டுக் கிடந்த கைதிகளில் சிலர், அதே முகாம்களில் வந்து விழுந்த குழந்தைகளை எவ்விதம் காப்பாற்றினார்கள் என்பதாகும்.

ஹிட்லர் 1933-ல் பதவிக்கு வந்தான், 1945-ல் ஒழிந்தான். இந்தப் பன்னிரண்டு வருஷத்திற்குள் அவன் கூட்டத்தார் ஏறக்குறைய 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அவர்களில் குழந்தைகள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். யூதர்களல்லாமல், ஜிப்ஸிகள் என்று பிறரால் அழைக்கப்பட்ட சிந்தி, ரோமா மக்களும், போலந்துக்காரரும், ருஷ்யச் சிறைக்கைதிகளும் லட்சக்கணக்கில் மாண்டார்கள். ஒரு குழந்தை என்ன குற்றம் செய்திருக்க முடியும்? அது இன்னாருக்குப் பிறந்தது என்பதே குற்றம். பிறப்பைக் கொண்டு மனிதனுக்கு விலை போடுவதென்று ஆரம்பித்தால், அது கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதை உலகம் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கண்ணாரக் கண்டது.

கொன்றவர்களைப் பற்றி அநேகர் பேசியிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். நான் காப்பாற்றினவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆனால் காப்பாற்றினவர்களைப் பற்றிப் பேசும்போது நம் ஜனங்களுக்கு ஒரு வழக்கமுண்டு. "அப்பேர்ப்பட்ட இடத்திலிருந்து ஒரு குழந்தை பிழைத்து வந்ததா? இது தெய்வச் செயல்தான்" என்று ஒருவர் சொல்லுவார். "இல்லை, அவர் ஒரு மகாபுருஷர், நம்மைப் போன்றவரல்ல" என்று இன்னொருவர் சொல்லுவார். இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். அதாவது, அந்தக் காரியம் எப்படி நடந்தது என்று விசாரிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நாம் இன்று அதை விசாரித்துப் பார்ப்போம்.

முகாம் நடந்த விதம்

முதலில் புக்கன்வால்ட் என்னும் முகாமை எடுத்துக்கொள்ளுகிறேன். ஜெர்மனியில் வைமார் என்று ஒரு நகரம் உண்டு. கதே என்ற பெரிய கவி வாழ்ந்த ஊர். அந்த ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு குன்றின்மேல் காட்டை வெட்டி 1937-ல் இந்த முகாமைக் கட்டினார்கள். அது மூடப்படுவதற்குள் ஏறக்குறைய 2,80,000 பேர் அதற்குள் அடைக்கப்பட்டார்கள். ஏறக்குறைய 56,000 பேர் அங்கே மாண்டார்கள். கல்லுடைக்கும் வேலை, ஆயுதத் தொழிற்சாலை வேலை, அரைவயிற்றுக் கஞ்சி, அடி, நோய், தூக்கு, துப்பாக்கி ஆகிய இவ்வளவும் சேர்ந்து செய்த வேலை அது.

எஸ்.எஸ். என்ற கறுப்புச் சட்டைப் படையினரே முகாமுக்கு எஜமானர்கள். ஆனால் ஆயிரக்கணக்கான கைதிகளை அவர்களே நேரில் நின்று மேய்த்துக்கொண்டிருக்கவில்லை. நம் நாட்டுச் சிறைகளில் வெள்ளைக்காரர் காலத்தில் கைதிகளிலேயே சிலரைக் கன்விக்டு வார்டர்களாக்கி மற்றக் கைதிகளை அடக்கியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே யுக்திதான் அங்கும். ஒவ்வொரு கொட்டடிக்கும் ஒரு கைதி தலைவன்; ஒவ்வொரு வேலைக் கூட்டத்துக்கும் ஒரு கைதி மேஸ்திரி; ஆஸ்பத்திரியிலும், சாமான் அறையிலும், யார் யாரை எந்த வேலைக்கு எந்த ஊருக்கு அனுப்புவதென்று கணக்கெழுதும் ஆபீசிலும் கைதிகளே குமாஸ்தாக்கள். இவர்களுக்குக் கொஞ்சம் அதிகச் சோறு. கொஞ்சம் நல்ல படுக்கை. அதற்குப் பதிலாக மற்றவர்களை அடிக்க வேண்டும். எண்ணிக்கை குறையாமல் ஆள் ஒப்புவிக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் கருத்து என்ன? கைதியைக் கைதிக்கே எமனாக்குவது. "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்று நம்மவர் பழமொழி சொல்லுகிறார்களே, அந்தப் பழமொழியையே சட்டமாக்கினதுதான் சிறைமுகாம். அங்கே யாருக்கும் எதுவும் மிஞ்சவே மிஞ்சாது. ஆகவே யாரும் யாருக்கும் எதுவும் செய்யமாட்டார்கள் என்பது எஸ்.எஸ். எஜமானர்களின் கணக்கு.

கணக்குத் தப்பின இடம்

இந்தக் கணக்கு புக்கன்வால்டில் தப்பிவிட்டது. காரணம் சொல்லுகிறேன்.

கைதிகளின் சட்டையில் முக்கோணத் துணி தைத்திருப்பார்கள். திருட்டு, கொலை முதலிய குற்றங்களுக்காக வந்தவர்களுக்குப் பச்சை. அரசியல் காரணமாய் வந்தவர்களுக்குச் சிவப்பு. ஆரம்பத்தில் முகாமின் சில்லறை உத்தியோகங்கள் பெரும்பாலும் பச்சைக்காரர்களிடமே இருந்தன. ஜெர்மன் கம்யூனிஸ்டுகளும் மற்ற அரசியல் கைதிகளும் பல வருஷம் பொறுமையாய்ப் பாடுபட்டு ஒவ்வொரு உத்தியோகமாய்த் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு செக்கர், பிரெஞ்சுக்காரர், ருஷ்யர், போலந்துக்காரர் என்று பல தேசத்தாரும் சேர்ந்த ஓர் இரகசியக் கமிட்டி ஏற்பட்டது. அந்தக் கமிட்டியிடம் பீரங்கியில்லை. அதன் கையில் இருந்தது பென்சிலும், சாவிக்கொத்தும், சோற்றுக் கரண்டியுந்தான்.

அவைகளைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்லுகிறேன். ராபர்ட் சீவர்ட் என்பவர் ஒரு ஜெர்மன் கம்யூனிஸ்டு. கட்டட வேலைக் கூட்டத்துக்கு மேஸ்திரியாயிருந்தவர். யுத்தம் தொடங்கின பிறகு போலந்திலிருந்து சிறுவர்களைக் கொண்டுவந்து தள்ளினார்கள். கல்லுடைக்கப் போனால் அவர்கள் சில வாரத்தில் தீர்ந்துபோவார்கள். சீவர்ட் எஸ்.எஸ். அதிகாரிகளிடம் போய், "உங்களுக்குக் கட்டடம் கட்டக் கொத்தனார் வேண்டும், இந்தப் பையன்களுக்கு நான் கொத்து வேலை பழக்குகிறேன்" என்ற முறையில் பேசிச் சம்மதம் வாங்கினார். போலந்துப் பையன்களும் யூதப் பையன்களும் அவரிடம் கரணை பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். குளிருக்குக் கூரை கிடைத்தது. 1942 அக்டோபரில் புக்கன்வால்டிலிருந்த யூதர்களையெல்லாம் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்ப உத்தரவு வந்தபோது, கொத்து வேலை தெரிந்த சுமார் 200 பேர் மட்டும் வேலைக்குத் தேவையென்று நிறுத்திக்கொள்ளப்பட்டார்கள். பாருங்கள்! ஒரு கரணை எத்தனை உயிரைத் தாங்கியிருக்கிறது! இதில் மந்திரம் என்ன இருக்கிறது? எதிரிக்கு எது தேவை என்று யோசித்து, அந்தத் தேவைக்குள் பையன்களை ஒளித்துவைத்தார் ஒரு மனிதர். அவ்வளவுதான்.

66-வது கொட்டடி

இனி 1945 ஜனவரிக்கு வருகிறேன். கிழக்கேயிருந்து ருஷ்யப் படை நெருங்கவே, எஸ்.எஸ். படையார் ஆஷ்விட்ஸ் முதலிய முகாம்களைக் காலிசெய்து, கைதிகளைப் பனியில் நடத்தியும், திறந்த ரயில் வண்டிகளில் ஏற்றியும் ஜெர்மனிக்குள் துரத்திக்கொண்டு வந்தார்கள். வழியில் செத்தவர்கள் போக மீதிப்பேர் புக்கன்வால்டில் வந்து குவிந்தார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கான சிறுவர்கள், அநேகர் யூதர்கள், அநேகர் அநாதைகள்.

முகாமின் கீழ்ப்பாகத்தில் "சின்ன முகாம்" என்று ஒன்றுண்டு. குதிரை லாயத்துக்கென்று செய்த மரக் கொட்டடிகள். புதிதாய் வந்தவர்களை அங்கேதான் அடைத்தார்கள். அதுதான் முகாமிலேயே மிக மோசமான இடம். அந்தக் குளிர்காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 66-வது கொட்டடியை இரகசியக் கமிட்டியார் குழந்தைகளுக்கென்று ஒதுக்க ஏற்பாடு செய்தார்கள். ஏன் அவ்வளவு மோசமான இடத்தில்? அங்கே விஷக் காய்ச்சல் இருந்தது. அந்தப் பயத்தால் எஸ்.எஸ். ஆட்கள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே சனியன் பிடித்த இடமென்று எஜமானன் ஒதுக்கினதே குழந்தைகளுக்கு அரணாயிற்று.

அந்தக் கொட்டடிக்குத் தலைவராய் இருந்தவர் அன்டோனின் கலினா என்ற செக்கர். 1902-ல் பிறந்தவர், செருப்புத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர், கம்யூனிஸ்டுக் கக்ஷிக்காரர். 1939 முதல் சிறைமுகாமிலிருந்தவர். அவருக்குத் துணையாயிருந்தவர் குஸ்தாவ் ஷில்லர் என்ற போலந்து யூதர். கலினா செய்த காரியங்களைக் கணக்காய்ச் சொல்லுகிறேன். கேளுங்கள்.

காலையிலும் மாலையிலும் கைதிகளை வெட்டவெளியில் மணிக்கணக்காய் நிறுத்தி எண்ணுவது முகாமின் வழக்கம். எத்தனையோ பேர் அங்கேயே விறைத்து விழுந்து செத்திருக்கிறார்கள். கலினா, தம் கொட்டடிப் பையன்களைக் கொட்டடிக்கு உள்ளேயே எண்ணும்படி ஏற்பாடு செய்துகொண்டார். மற்றவர்களைப் போல வேலைக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டார். எங்கிருந்தோ அதிகப்படியாய்க் கம்பளிகள் வந்தன. வீட்டிலிருந்தோ செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்தோ பார்சல் வரப்பெற்ற கைதிகளில் சிலர் அதில் ஒரு பங்கைப் பிள்ளைகளுக்கென்று கொடுத்தார்கள். பசித்துக் கிடக்கிறவன் பார்சலில் பங்கு கொடுப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். வயிறு நிறைந்தவன் செய்யும் அன்னதானத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

ஏப்ரல் முதல் வாரத்தில் பெரிய ஆபத்து வந்தது. அமெரிக்கப் படை நெருங்கிக்கொண்டிருந்தது. யூதர்களையெல்லாம் பிரித்து நிறுத்தி முகாமைவிட்டு வெளியே நடத்திக்கொண்டு போகும்படி உத்தரவாயிற்று. வெளியே நடப்பதென்றால் வழியில் சாவதென்றே அர்த்தம். கலினா என்ன செய்தார்? பையன்களின் சட்டையிலிருந்த யூத அடையாளத்தை எடுத்துவிட்டு வேறு அடையாளம் வைக்கச் செய்தார். தஸ்தாவேஜுகளில் மதத்தையும் மாற்றினார். எஸ்.எஸ். ஆட்கள் வந்து கேட்டபோது, இந்தக் கொட்டடியில் இப்போது யூதர் யாருமில்லை என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டார். இந்தப் பொய் வெளிப்பட்டிருந்தால் அந்த இடத்திலேயே அவர் உயிர் போயிருக்கும். ஹரிச்சந்திரன் கதையைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த நமக்கு இந்தப் பொய்யை எந்தத் தராசில் நிறுப்பது என்று ஒரு யோசனை வரவேண்டும். என் தராசில், அந்த வருஷத்தில் ஜெர்மனியில் சொல்லப்பட்ட வார்த்தைகளில் இதைவிட யோக்கியமான வார்த்தை குறைவு.

அந்த வாரத்தில் எஸ்.எஸ். படையார் சுமார் 28,000 பேரை முகாமிலிருந்து வெளியே துரத்தினார்கள். அவர்களில் மிகப் பலர் வழியில் மாண்டார்கள். கமிட்டியார் உத்தரவுகளைத் தாமதப்படுத்தியும், ஆட்களை ஒளித்தும் மீதிப்பேரை நிறுத்திவைத்தார்கள். ஏப்ரல் 11-ந் தேதி அமெரிக்க டாங்கிகளின் சத்தம் கேட்டு எஸ்.எஸ். ஆட்கள் ஓட, கைதிகள் ஒளித்துவைத்திருந்த ஆயுதங்களுடன் காவற்கோபுரங்களைக் கைப்பற்றினார்கள். அன்று முகாமில் உயிரோடிருந்தவர்கள் சுமார் 21,000 பேர். அவர்களில் 900-க்கு மேற்பட்டவர்கள் சிறுவர்கள்.

66-வது கொட்டடியில் அன்றிருந்த பையன்களில் ஒருவர்தான் எலி வீசல். ஆஷ்விட்ஸிலிருந்து தகப்பனாரோடு வந்து, சின்ன முகாமில் தகப்பனாரைப் பறிகொடுத்து, பதினாறு வயதில் தனியே நின்றவர். பின்னால் பெரிய ஆசிரியராகி 1986-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் பேரை உலகம் அறியும். அவர் இருந்த கொட்டடியின் தலைவரை யார் அறிவார்? கலினா ஊருக்குத் திரும்பி, புகழ் ஒன்றுமில்லாமல் வாழ்ந்து 1990-ல் காலமானார். யூதரல்லாதவர்களில் யூதர்களைக் காத்தவர்களுக்கு இஸ்ரேல் தேசத்தில் யாத் வஷெம் என்ற ஸ்தாபனத்தார் கொடுக்கும் கௌரவம் அவருக்கு 2012-ல்தான் வந்தது. அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

எட்டாவது கொட்டடி

நிற்க, மேல் முகாமில் எட்டாவது கொட்டடியிலும் சிறுவர்கள் இருந்தார்கள். அதற்குத் தலைவர் வில்ஹெல்ம் ஹம்மன் என்ற ஜெர்மன் பள்ளிக்கூட உபாத்தியாயர். இவரும் கம்யூனிஸ்டு. தம் கொட்டடியிலிருந்த 159 யூதச் சிறுவர்களை எஸ்.எஸ். கையில் ஒப்புவிக்காமல் காத்தவர். 1984-ல் இவருக்கும் அந்தக் கௌரவம் கிடைத்தது; இவரும் 1955-லேயே இறந்துவிட்டவர்.

அந்தக் கொட்டடிக்கு 1945-ல் லூலக் என்ற ஏழு வயதுப் பையன் வந்து சேர்ந்தான். தாய் தகப்பன் இருவரையும் கொன்றுவிட்டார்கள். அண்ணன் ஒருவன் அவனை மூட்டையில் வைத்து முகாமுக்குள் கொண்டுவந்தான். ஆனால் அண்ணனைச் சின்ன முகாமில் வைத்துவிட்டார்கள். அப்போது ஃபியோதர் மிஹைலிச்சென்கோ என்ற ஒரு ருஷ்ய வாலிபன், பதினெட்டு வயதுக்காரன், இந்தப் பையனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். உருளைக்கிழங்கு திருடிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். காதில் குளிர் ஏறாதிருக்கக் கம்பளி நூலில் காதுறை பின்னிக் கொடுத்தான். விடுதலையான அன்று துப்பாக்கி வெடித்தபோது பையன்மேல் தான் படுத்து மறைத்துக்கொண்டான்.

அந்த லூலக்தான் பிற்காலத்தில் இஸ்ரேலின் தலைமை யூத மதகுருவான இஸ்ரேல் மெயிர் லாவ் என்பவர். "ஃபியோதர்" என்ற ஒரு பேரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பல வருஷம் தேடினார். 2008-ல் பழைய தஸ்தாவேஜுகளிலிருந்து முழுப் பேரும் கிடைத்தது. ஃபியோதர் 1993-லேயே இறந்துபோயிருந்தார். தோழர்களே! ஒரு மதகுரு உயிரோடு வளர்ந்ததற்குக் காரணமானவர்கள் யார்? கொட்டடியைக் காத்தவர் ஒரு கம்யூனிஸ்டு உபாத்தியாயர். கஞ்சி காய்ச்சினவன் வேறு தேசத்து வாலிபன். அந்தப் பையன் என்ன மதம், என்ன ஜாதி என்று அவர்கள் கேட்கவில்லை. பசிக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

ஊரார் பிள்ளை

ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறேன் என்று தாய்மார்கள் நினைக்க வேண்டாம். வட ஜெர்மனியில் பெர்கன்-பெல்சன் என்ற இன்னொரு முகாம் உண்டு. அங்கே 1944 டிசம்பரில், ஆம்ஸ்டர்டாம் நகரத்து வைரத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 54 குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, குளிரில் விட்டுவிட்டார்கள். லூபா டிரிஷின்ஸ்கா என்ற யூதப் பெண், முகாமில் நர்சு வேலை பார்த்த கைதி, அந்த அழுகுரலைக் கேட்டுப் போய் அவ்வளவு பேரையும் தன் கொட்டடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அன்று முதல் சமையலறை, ரொட்டிக் கிடங்கு என்று ஒவ்வோரிடமாய்க் கெஞ்சியும், பண்டமாற்றியும், திருடியும் அவர்களுக்குச் சோறு கொண்டுவந்தாள். அதே முகாமில் ஹடாஸா பிம்கோ என்ற பல்வைத்தியரும் அவரோடு சேர்ந்த பெண்களும் அநாதைக் குழந்தைகளை ஒன்று சேர்த்து வளர்த்தார்கள். 1945 ஏப்ரல் 15-ந் தேதி பிரிட்டிஷ் படை வந்து பார்த்தபோது, புதைக்கப்படாத பிணங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்த அந்த இடத்தில் இந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் உயிரோடிருந்தார்கள்.

இந்த இரண்டு பெண்களின் சொந்தக் கதை என்ன தெரியுமா? லூபாவின் புருஷனையும் சிறு மகனையும் கொன்றுவிட்டிருந்தார்கள். ஹடாஸாவின் புருஷனையும் சிறு மகனையும் அப்படியே ஆஷ்விட்ஸில் கொன்றிருந்தார்கள். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று நம் ஊரில் சொல்லுகிறோம். அதில் ஒரு லாபக் கணக்கு இருக்கிறது. இவர்களுக்கோ வளருவதற்குத் தன் பிள்ளை இல்லை. லாபம் எதுவுமில்லாமல் ஊரார் பிள்ளையை ஊட்டினார்கள்.

பிழைக்காமற்போன பிள்ளைகள்

எல்லா இடத்திலும் வெற்றி என்று நான் சொன்னால் உங்களை ஏமாற்றினவனாவேன். ஆஷ்விட்ஸைச் சேர்ந்த பிர்க்கனோவில், 1943 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட யூதக் குடும்பங்களுக்கென்று ஒரு தனிப் பகுதி இருந்தது. அங்கே ஃப்ரெடி ஹிர்ஷ் என்ற இருபத்தேழு வயது வாலிபர், தேகப்பயிற்சி ஆசிரியராயிருந்தவர், எஸ்.எஸ். அதிகாரிகளிடம் வாதாடி 31-வது கொட்டடியைக் குழந்தைகளுக்கென்று வாங்கினார். உள்ளேயே எண்ணிக்கை; கொஞ்சம் நல்ல கஞ்சி; புஸ்தகங்கள் கைவிரலில் எண்ணக்கூடியவை; அதனால் வாய்ப்பாடமாகவே படிப்பு; சுவரில் சித்திரம். கொலைக்கூடத்தின் புகை தெரியும் தூரத்தில் இவ்வளவும் நடந்தது. 1944 மார்ச் 8-ந் தேதி இரவு, அந்தச் செப்டம்பர் கூட்டத்தில் மீந்திருந்த ஏறக்குறைய 3,800 பேரை, குழந்தைகளோடு சேர்த்து, விஷப்புகையிட்டுக் கொன்றுவிட்டார்கள். ஹிர்ஷும் அன்றே மாண்டார்.

அப்படியானால் அவர் செய்தது வீணா? ஆறு மாதம் அந்தப் பிள்ளைகள் அடிபடாமல், பட்டினியில் ஒருவர் ரொட்டியை ஒருவர் பிடுங்காமல், பாட்டும் பாடமுமாய்ப் பிள்ளைகளாகவே இருந்தார்கள். அதை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பன்னிரண்டு பேர்

இப்போது சொல்லப்போவதுதான் இன்றைய பேச்சில் கஷ்டமான பாகம். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் புராணமாகிவிடும்.

1944 ஆகஸ்டில் புக்கன்வால்டுக்கு ஸ்டெஃபான் ஸ்வைக் என்ற மூன்று வயதுப் போலந்து யூதக் குழந்தை தகப்பனோடு வந்தது. சாமான் அறை மேஸ்திரியாயிருந்த வில்லி ப்ளைஹர் முதலிய அரசியல் கைதிகள் அதைப் பேணி வளர்த்தார்கள். செப்டம்பர் 25-ந் தேதி 200 சிறுவர்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்ப ஒரு ஜாபிதா தயாராயிற்று. அதில் இந்தக் குழந்தையின் பேரும் இருந்தது. கைதிகள் அதை நோயாளியென்று காட்டி ஆஸ்பத்திரியில் வைத்துப் பேரை அடிக்கச் செய்தார்கள். குழந்தை பிழைத்தது.

இதைக்கொண்டு புரூனோ ஆபிட்ஸ் என்பவர், தாமே புக்கன்வால்டில் கைதியாயிருந்தவர், 1958-ல் ஒரு நாவல் எழுதினார். அது பல பாஷைகளில் வந்தது, சினிமாவாயிற்று. கிழக்கு ஜெர்மனி சர்க்கார் அந்தக் குழந்தையைத் தங்கள் வீரத்துக்குச் சாட்சியாக வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் அந்த நாவலில் இல்லாத ஒரு விஷயம் ஜாபிதாவில் இருக்கிறது. 200 பேர் போகவேண்டுமென்பது எஸ்.எஸ். உத்தரவு. அன்று பன்னிரண்டு பேர்கள் அடிக்கப்பட்டன. வேறு பன்னிரண்டு பேர்கள் எழுதப்பட்டன. ஸ்டெஃபானுடைய பேர் போன இடத்தில் வந்த பேர் வில்லி ப்ளூம். வயது பதினாறு. சிந்தி ஜாதிப் பையன். அவன் தகப்பன் ஊர் ஊராய்ப் பொம்மலாட்டம் நடத்திப் பிழைத்தவர். வில்லியின் தம்பி ருடால்ஃபுக்கு வயது பத்து. அவன் பேர் ஜாபிதாவில் ஏற்கெனவே இருந்தது. தம்பியைத் தனியே விடமாட்டேன், நானும் போகிறேன் என்று வில்லி கேட்டுக்கொண்டதாகத் தஸ்தாவேஜு சொல்லுகிறது. இருவரும் ஆஷ்விட்ஸில் மாண்டார்கள்.

இதற்கு என்ன சொல்லுகிறீர்கள்? பேரை மாற்றின கைதிகள் குற்றவாளிகளா? இல்லையென்பது என் அபிப்பிராயம். 200 என்ற எண்ணைப் போட்டவன் எவனோ, அவனே கொலைகாரன். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளையா அந்தப் பிள்ளையா சொல்" என்று கேட்கிறவன் குற்றவாளியா, கேட்கப்பட்டவன் குற்றவாளியா? ஆனால் அதோடு விட்டுவிடவும் கூடாது. ஆபீசில் சிநேகிதர் இருந்த குழந்தை தப்பிற்று. சிநேகிதர் இல்லாத குழந்தைகள் போயின. அந்த ஜாபிதாவில் போனவர்களில் பெரும்பாலோர் சிந்தி, ரோமாப் பிள்ளைகள். அவர்களுக்காகப் பேச அந்த ஆபீசில் ஆளில்லை. யுத்தம் முடிந்த பிறகும் நெடுங்காலம் அவர்கள் கதையைக் கேட்பாரில்லை. கமிட்டியாரிடமும் குறையுண்டு, தங்கள் கக்ஷிக்காரரை முதலில் காத்துக்கொண்டார்கள் என்று அக்காலத்திலேயே மற்றக் கைதிகள் குறை சொன்னதுண்டு. உண்மை எதுவோ அதையெல்லாம் சேர்த்துச் சொன்னால்தான் அது சரித்திரம்.

அன்றியும், காத்தவர்கள் என்ற வரிசையில் வில்லி ப்ளூமுக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன். அவன் கையில் சாவியில்லை, பென்சிலில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தது. அதைக் கொடுத்தான்.

முடிவுரை

ஆகவே நான் சொல்லவந்தது இதுதான். இந்தக் குழந்தைகளை வானத்திலிருந்து யாரும் வந்து காக்கவில்லை. அசகாய சூரனும் காக்கவில்லை. ஒரு செருப்புத் தொழில் வீட்டுக்காரர், ஓர் உபாத்தியாயர், ஒரு கொத்து மேஸ்திரி, ஒரு நர்சு, ஒரு பல்வைத்தியர், உருளைக்கிழங்கு திருடின ஒரு வாலிபன் காத்தார்கள். எஜமானன் மற்றவர்களை நசுக்குவதற்கென்று கொடுத்த சில்லறை அதிகாரத்தைத் திருப்பிப் பிடித்துக் குடையாக்கினார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பிள்ளைக்குப் பதில் ஒரு பிள்ளையை மாற்றிக் காத்தது ஒரு வழி. அதன் விலையைச் சொன்னேன். கலினா பிடித்தது வேறொரு வழி. அவர் கொட்டடிக்குள் வந்த பிள்ளைகளில் இவன் நம்மவன், அவன் அயலான் என்று பிரிக்காமல் எல்லாரையும் ஒரே கூரைக்கடியில் வைத்து, "இங்கே நீ தேடுகிறவன் இல்லை" என்று எஜமானனிடம் சொன்னார். முடிந்த இடத்திலெல்லாம் இந்த வழியே மேலான வழி.

நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒரு சாவியை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் குமாஸ்தா, ஒருவர் மேஸ்திரி, ஒருவர் உபாத்தியாயர், ஒருவர் ரேஷன் கடையில் நிறுக்கிறவர், ஒருவர் ஆஸ்பத்திரி வாசற்கதவைத் திறக்கிறவர். "நான் என்ன செய்ய முடியும், மேலிடத்து உத்தரவு" என்பதே நம் வாயில் முதலில் வரும் பேச்சு. மேலிடத்து உத்தரவு என்றால் கலினாவுக்கு வந்ததைவிடக் கொடிய மேலிடமும் கிடையாது. கொடிய உத்தரவும் கிடையாது. அவர் அந்த உத்தரவின் முன்னால் நின்றுகொண்டு தம் கையில் என்ன இருக்கிறதென்று பார்த்தார். நீங்களும் உங்கள் கையைப் பாருங்கள். ஜாபிதாவில் பேசுவதற்கு ஆளில்லாத பேர் எது என்றும் பாருங்கள்.